திறவுகோல்

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதி நாட்கள். ஆழிப்பேரலையால் வீடிழந்தோர் அந்தமானின் முகாம்களில் நிறைந்திருந்தனர். அவர்களுக்கான அரிசி மூட்டைகள் எங்கள் பகுதி முருகன் கோயில் மண்டபத்தில் அடுக்கப்பட்டிருந்தன. இரவுக் காவலுக்கு இருவர் அமைந்தோம்: பணியிற் சேர்ந்து ஓராண்டும் நிறையாத எழுத்தராகிய நானும், முதிய மாப்பிள்ளை முஸ்லிம் ஒருவரும். நள்ளிரவில் நிலம் மீண்டும் அதிர்ந்தது. நான் மேட்டை நோக்கி ஓடினேன். விடியலில் நாணத்துடன் திரும்பியபோது, அவர் வாயிற்படியிலேயே அமர்ந்திருந்தார்.

"ஏன் சாச்சா, நீங்கள் ஓடவில்லையா?" என்றேன்.

"திறவுகோல் என் கையில் அல்லவா இருந்தது, தம்பி!" என்றார்.

இடைக்காலப் போர்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அவ்விடை என் செவியில் ஒலிக்கிறது. ஐரோப்பாவில் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் நோன்புகளை ஏற்று வாளேந்திய துறவியர் படைகள் இருந்தன. ஆயின், அந்நோன்பு எதன்பொருட்டு என்பதிலேயே அவற்றின் பெருமையும் சிறுமையும் அடங்கின. கிறித்தவரல்லாதாரை வெல்லவெனப் பால்டிக் கரையில் நிலைகொண்ட டியூட்டானிக் படை, லித்துவேனியா 1387இல் கிறித்தவம் தழுவிய பின்னும் அந்நாட்டின்மேற் போரை விடவில்லை. 1410இல் கிரன்வால்டு களத்தில் போலந்து, லித்துவேனியப் படைகளிடம் நொறுங்கியது. நோயாளர் விடுதியிற் பிறந்த ஹாஸ்பிட்டலர் படையோ, ரோட்ஸ் தீவை 1480ஆம் ஆண்டு முற்றுகையில் காத்தது. 1522இல் ஏறத்தாழ ஆறு திங்கள் தாங்கிநின்ற பின்னரே துருக்கியரிடம் ஒப்படைத்தது.

நம்மவரிடையே இதற்கு நிகர் உண்டா? உண்டு. உற்ற வேளையில் உயிரும் தருவோம் எனச் சூளுரைத்த வேளைக்காரப் படையினரே அவர்கள். இலங்கை மன்னன் முதலாம் விசயபாகு (1055–1110) சோழர்மேற் செல்லப் பணித்தபோது, அவனிடம் பணியாற்றிய வேளைக்காரர் கிளர்ந்தெழுந்து பொலன்னறுவை அரண்மனைக்குத் தீயிட்டனர். மன்னன் அவர்களைக் கடுமையாக அடக்கினான். எனினும், அவன் மறைந்தபின் புத்தரின் புனிதப் பல்லை வைத்த கோயிலைக் காக்க மகாதேரர் அழைத்தது அவ்வேளைக்காரரையே! கோயிலின் ஊர்களையும் பணியாளரையும் அங்கு அடைக்கலம் புகுந்தோரையும், தாம் அழிய நேரினும் காப்போம் என்று அவர்கள் அளித்த உறுதியைப் பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. தீயிட்ட கைகளையே காவற் கைகளாக்கியது அச்சூளுரை.

வாளுக்குப் பெருமை, அதை ஏந்தியவரின் சமயத்தால் வருவதன்று. அது காக்கும் பொருளால் வருவது. பணியேற்ற நாளில் நானும் உறுதிமொழி எடுத்தவனே. அதன் பொருளை எனக்குக் கற்பித்தவர், தம் சமயத்ததல்லாத கோயிலின் வாயிலில் விடியுமட்டும் அமர்ந்திருந்த அம்முதியவர்.