வழங்கி இல்லா வீடு

இல்லம் என்பது சுவர்களால் மட்டும் ஆனதன்று. நாள்தோறும் செய்து முடிக்கப்பெறும் பணிகளால் ஆனது. விடியலில் அடுப்பு எரிய வேண்டும். குடம் நிறைய வேண்டும். துவைத்த துணி உலர்ந்து, மடிந்து, அலமாரிக்குள் செல்ல வேண்டும். இவை நடந்தால் எவரும் கவனிப்பதில்லை. ஒருநாள் நடவாவிடில் வீடே அதிர்கிறது. அலுவலகப் பணிக்கு வருகைப் பதிவேடு உண்டு. வயல் வேலைக்குக் கூலிக் கணக்கு உண்டு. இல்லப் பணிக்கு மட்டும் ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை.

இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக அது கூறிற்று. 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை 289, 88 எனக் குறைந்தன. இருவர் நேரமும் குறைந்தது. இருவருக்கும் உள்ள இடைவெளி மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கின்றது. இந்த இடைவெளி நம் இல்லத்திலும் உண்டா எனக் கண்டறியும் ஆவலே நம்மை ஒரு செயலி எழுதத் தூண்டிற்று. உம்மா, வாப்பா, லாத்தா, தம்பியர் இருவர், நம்மோடு ஆறு பேர் பயன்படுத்தும் சிறு செயலி அது. இன்ன பணி, செய்தவர் இவர், நேரம் இது எனப் பதிவதே அதன் வேலை.

மேகத்தில் ஒரு ஏடு

இத்தகைய செயலியை ‘வழங்கியற்ற’ முறையில் அமைக்கலாம் என்பர் கணினி வல்லுநர். முன்பெல்லாம் ஒரு கணினியை வாடகைக்கு எடுத்து, யாரும் கேளாத நள்ளிரவிலும் அதனை விழித்திருக்கச் செய்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் அறிமுகப்படுத்திய லாம்டா அந்நிலையை மாற்றிற்று. நிரலை மட்டும் ஒப்படைத்தால் போதும். கோரிக்கை வரும்போது நிரல் விழிக்கும், விடை தரும், வேறு அழைப்பு இல்லையெனில் உறங்கிவிடும். நெடுநேரம் உறங்கிய நிரல் எழச் சற்றே தாமதிக்கும்; அவ்வளவே குறை. ஆறு பேர் நாளொன்றுக்கு இருபது முறை தொட்டாலும் மாதத்திற்கு 3,600 அழைப்புகளே ஆகும். கட்டணமின்றி மாதந்தோறும் வழங்கப்படுவதோ 10 இலட்சம் அழைப்புகள்! பதிவுகளைச் சேமிக்க டைனமோடிபி என்னும் தரவுத்தளம் துணை நின்றது. ஒரே பணியை இருவர் ஒரே நொடியில் தமதெனப் பதிந்தாலும், முந்தியவர் பதிவை மட்டும் ஏற்கும் நிபந்தனையை அதில் விதிக்கலாம். உடன்பிறந்தோர் உள்ள வீட்டிற்கு அந்நிபந்தனையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

நேரத்தைக் கையாள்வதில் தனிக் கவனம் வேண்டியிருந்தது. மேகத்தின் கடிகாரம், நாம் வேறு சொல்லாவிடில், உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. சஹர் உணவுக்கு அதிகாலை 3.30 மணிக்கு நினைவூட்ட வேண்டுமெனில், முந்தைய இரவு 10 மணி என எழுதுதல் வேண்டும். ஹிஜ்ரி ஆண்டோ சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது; ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகரும். அதன் முதல் நாளை அட்டவணையில் முன்கூட்டியே எழுதி வைத்தல் இயலாது. ஆகவே, ‘பிறை தென்பட்டது’ என ஒரு பொத்தான் அமைத்து, அதனை அழுத்தும் உரிமையை வாப்பாவிடம் விட்டோம். அது அழுந்திய பின்னரே நோன்புக் கஞ்சி காய்ச்சுதலும், சஹருக்குச் சமைத்தலும் பணிப்பட்டியலில் ஏறும்.

ஏட்டில் ஏறாத பெயர்

முதல் மாதம் முடிந்தது. ஏட்டைத் திறந்தால் வியப்பு! மிகுதியான பணிகளைச் செய்தவர் இளைய தம்பி. மிகக் குறைவாகச் செய்தவர் உம்மா! காரணம் எளிது. ஒரு குவளையைக் கழுவியவுடன் பெருமிதத்தோடு பொத்தானை அழுத்துவான் தம்பி. உம்மாவின் கையிலோ எந்நேரமும் மாவு, அல்லது ஈரம், அல்லது கரி. பணிக்கும் பணிக்கும் இடையே நின்று பதிவதற்கு அவருக்கு ஓய்வேது? ஓயாது உழைப்பவரை ஏடு காணவில்லை; ஓய்வுள்ளவரையே கண்டது.

எனவே ‘செய்தவர்’ என்பதோடு ‘பதிந்தவர்’ என்னும் கட்டத்தையும் சேர்த்தோம். ஒருவர் செய்ததை மற்றவர் பதியலாம். அடுத்த வெள்ளியன்று தம்பி அடுக்களை வாயிலில் அமர்ந்து, உம்மாவின் பணிகளைப் பதிந்தான். காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை 23 பணிகள்! அவற்றுள் சிலவற்றிற்குப் பட்டியலில் பெயரே இல்லை. எரிவாயு உருளை தீரவிருப்பதை நினைவில் கொள்ளுதல், வாப்பாவின் மாத்திரை எத்தனை எஞ்சியது என அறிதல், பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கஞ்சி ஒதுக்குதல் ஆகிய இவற்றை எந்தப் பொத்தானில் அடக்குவது?

வாப்பா அன்றிரவு அந்தப் பட்டியலை இருமுறை படித்தார், ஏதும் பேசவில்லை. மறுநாள் முதல் குடிநீர் பிடித்து வைப்பதும், இரவுப் பாத்திரங்களைக் கழுவுவதும் அவர் பெயரில் ஏறலாயின. உம்மாவிடம் ஏட்டைக் காட்டியபோது அவர் சிரித்தார். “என் கணக்கை எழுத அல்லாஹ் இருக்கிறான், நீங்கள் பாத்திரத்தைக் கழுவுங்கள், அது போதும்” என்றார்.

அச்சொல்லே செயலியின் எஞ்சிய விதிகளை வகுத்தது. மதிப்பெண் இல்லை, முதலிடம், கடைசியிடம் என்னும் வரிசையும் இல்லை. 90 நாள் கடந்த பதிவுகள் தாமாகவே அழியுமாறு செய்தோம். ஒருவர் குறை என்றென்றும் ஏட்டில் நிற்பது குடும்பத்திற்கு அழகன்று.

இல்லாமை என்னும் சொல்

‘வழங்கியற்ற’ என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மெய்யாகவே வழங்கி இல்லையா? உண்டு. எங்கோ ஒரு கூடத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றைக் காக்க மனிதரும் உளர். நம் கண்ணுக்குப் புலப்படாமையால் ‘இல்லை’ என்கின்றோம். “எங்கள் வீட்டில் வேலையாள் எவருமில்லை” எனப் பெருமை பேசும் இல்லங்களிலும் வேலை நடந்தவண்ணமே உள்ளது. அதனைச் செய்யும் கைகளை நாம் எண்ணுவதில்லை. வழங்குபவரை மறைத்துவிட்டு, வழங்கி இல்லை என்பது எத்துணை எளிதாகிவிட்டது!

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் என்ன செய்வார்கள் என வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழப் புறப்படுவார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையிறுத்ததைப் புகாரி நபிமொழித் தொகுப்பில் காண்கின்றோம். தலைமைப் பொறுப்பும் இல்லப் பணியும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்களே! நிரல் எழுதக் கற்பது எளிது. சில வார முயற்சி போதும். பெரும் வணிகத்திற்கு எழுதுமுன் உங்கள் இல்லத்திற்கு ஒன்று எழுதிப் பாருங்கள். கணினி விடை கூறுமுன்பே, யாரைக் காணாமல் இருந்தோம் என்பதனை அம்முயற்சி உணர்த்திவிடும். கண்டபின் கைகொடுப்பது நம் கடமை. அதற்குரிய மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.