கறுவுகிறவனா, கெட்டவனா?

தாஸ்தயெவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புகள்' (1864) தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பவரை மடக்கிவிடுகிறது. கதைசொல்லி தன்னை நோயாளி என்கிறான். அதில் சிக்கல் இல்லை. அடுத்து 'ஸ்லோய்' என்கிறான். கடிக்கிற நாய்க்கும் ருஷ்யர்கள் சொல்லும் சொல் அது. கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கிலத்தில் அவன் வன்மம் கொண்டவன். பின்னால் வந்த பெவியர் - வோலகோன்ஸ்கி தம்பதியிடம் தீயவன்.

தமிழில்? எம்.ஏ. படித்த தமிழ் கைகொடுக்கவில்லை. 'கெட்டவன்' என்றால் தீர்ப்பாகிவிடுகிறது. 'பொல்லாதவன்' என்பதில் பாட்டி பேரனைச் சொல்லும் செல்லம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (போதாக்குறைக்கு ரஜினி, தனுஷ் படங்களின் பெயர் வேறு.)

ஆளுக்கு வயது 40. பீட்டர்ஸ்பர்க்கில் சின்ன உத்தியோகம். தூரத்து உறவினர் 6,000 ரூபிள் விட்டுச்செல்ல, வேலையை உதறிவிட்டு மூலையில் முடங்கியவன். அறிவு வளர்ந்தால் மனிதன் தனக்கு நல்லதையே செய்வான் என்பது செர்னிஷெவ்ஸ்கி 1863இல் 'என்ன செய்ய வேண்டும்?' நாவலில் வைத்த நம்பிக்கை. கேடு செய்துகொள்ளவும் எனக்கு உரிமை உண்டு என்று இவன் அதை உதைக்கிறான். இருத்தலியவாதிகள் கொண்டாடியது இந்த முதல் பாகத்தை. கொண்டாடட்டும். எனக்கு இரண்டாம் பாகம்தான்.

மதுக்கடை ஒன்றில் ராணுவ அதிகாரி ஒருவன் இவனைத் தோளைப் பிடித்து, நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்திவிட்டுப் போகிறான். இவன் வருடக்கணக்கில் கறுவுகிறான். நெவ்ஸ்கி சாலையில் வழிவிடாமல் மோதுவதென்று தீர்மானம். அதற்குக் கௌரவமாகத் தெரியவேண்டுமே! கடன் வாங்கிக் கோட்டுக்குப் புது ரோமக் காலர் வைக்கிறான். மோதியும் விடுகிறான். அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததுபோல் நடித்தான் என்று இவன் சாதிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில், என் கட்டுரையை என் எதிரிலேயே பக்கத்தில் நின்றவருடையது என்று நினைத்துப் பாராட்டினார் ஒரு மேலதிகாரி. அவருக்கான பதிலைப் பல இரவுகள் மனதுக்குள் எழுதித் திருத்தியிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்ற பிறகும்தான். 'கறுவுகிறவன்' என்ற சொல் எனக்கு அகப்பட்டது அப்படித்தான்.

லீஸா வந்ததும் அதுவும் போதவில்லை. விலைமாதான அவளிடம் உருக்கமாகப் பேசி நம்பவைக்கிறான். அவள் தேடி வரும்போது அவமானப்படுத்துகிறான். அவன் துயரம் அவளுக்குப் புரிந்துவிடுகிறது, அணைத்துக்கொள்கிறாள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. கையில் ஐந்து ரூபிள் நோட்டைத் திணிக்கிறான். அவள் போன பிறகு பார்த்தால், கசங்கிய நோட்டு மேஜைமேல் கிடக்கிறது.

இந்த இடத்தில் 'கறுவுகிறவன்' சலுகையாகிவிடுகிறது, அவனுக்கும் எனக்கும். 'கெட்டவன்' என்றே எழுதிவிட்டேன். தீர்ப்பு சொல்பவன் அவன்தானே, நான் ஏன் குறைக்க வேண்டும்?