எரேமியா 29-ம் ரங்கூன் ஜெபக்கூட்டமும்

எங்கட ஆக்களின் வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி நடக்கும் என்று புலம்பெயர்ந்த கிறிஸ்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பாட்டு. பிறகு ஜெபக் குறிப்புகள். ஒருவருக்கு விசா, ஒருவருக்கு முழங்கால், இன்னொருவரின் மகளுக்குச் சோதனை. அதற்குப் பிறகு ஒரு அண்ணை கண்ணை மூடினார் என்றால் இருபது நிமிடம். அதில் பாதி ஆண்டவருக்கு, மற்றப் பாதி அந்த அறையிலேயே இருக்கிற யாரோ ஒருவருக்கு. முடிய ரோல்ஸும் தேத்தண்ணியும்.

கேலிக்கு எழுதவில்லை. என்னுடைய அகதி வழக்கு தள்ளுபடியான கிழமையில் என்னைத் தாங்கினவை இந்த இருபது நிமிட அண்ணைமார்தான். ஆனால் ஒரே ஜெபத்தை ஒரே சொற்களில் பத்து வருடம் கேட்டால் வாய் ஆமென் சொல்லும், மனம் நாளைக்கு எத்தனை கிலோ வெங்காயம் வெட்டவேணும் என்று கணக்குப் போடும்.

ரங்கூனில் வேறு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். (யாங்கோன் என்பதுதான் இப்போதைய பெயர். அங்கேயுள்ள தமிழ்ச் சனம் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன்.) 2019 பெப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அனோரதா வீதிக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி வீடொன்றில் நடந்த கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். பதினைந்து பேர் இருக்கும். நடத்தினது ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. எல்லாரும் "டீச்சரம்மா" என்றார்கள்.

பெரியவர்களின் மடியில் தமிழ் வேதாகமம். பிள்ளைகளின் மடியில் பர்மியம். தனியார் பள்ளிக்கூடங்களை 1960-களில் அரசு எடுத்த பிறகு பிள்ளைகள் தமிழ் எழுத்துப் படிக்க வழி குறைந்துபோனது. பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பாட்டுகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தப் பர்மிய வேதாகமத்துக்கும் எங்கட யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதை மொழிபெயர்த்த அதோனிராம் ஜட்சன் 1812-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறியபோது அதே கப்பலில் வந்தவர் சாமுவேல் நியூவெல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி இருவரையும் இருக்கவிடவில்லை. ஜட்சன் சுற்றி அலைந்து 1813-ல் ரங்கூனில் இறங்கினார். நியூவெல், மனைவியை மொரீசியசில் புதைத்துவிட்டு இலங்கைக்கு வந்தார். 1816-ல் தெல்லிப்பளையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கிய அமெரிக்க மிசனுக்கு வழிகாட்டினது அவர்தான். ஆக, துரத்தப்பட்ட ஒரு கப்பல் சனத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. முதல் ஆங்கில-பர்மிய யுத்தத்தில் ஜட்சனை ஆவாவில் சிறை வைத்தபோது அவரது மனைவி ஆன் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். முழு வேதாகமமும் 1834-ல் முடிந்தது.

சரி, கூட்டத்துக்கு வருவோம். டீச்சரம்மா ஜெபக் குறிப்பு கேட்கவில்லை. "முதல்ல அவர் பேசட்டும் தம்பி, அப்புறம் நாம பேசலாம்" என்றார். அன்றைக்கு எரேமியா 29. ஒருவர் தமிழில் வாசித்தார், ஒரு பெடியன் பர்மியத்தில், பிறகு திரும்பவும் தமிழில். யார் எழுதினது, யாருக்கு, எப்போது என்று மட்டும் கேட்டார். இருபது நிமிடம், அதற்கு மேல் பிரசங்கம் கிடையாது. இது முக்கியம். வேதபாடம் என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் விளக்கம் கொடுத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாக ஜெபித்துக் கலைகிற கூட்டங்களும் எனக்குத் தெரியும்.

எரேமியா 29-ன் 11-ம் வசனம் எங்கட வீடுகளில் கலண்டரில் தொங்கும். நல்ல எதிர்காலம் தருவேன் என்கிற வாக்குத்தத்தம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் தொங்கவிடுவதில்லை. அதில் எழுபது வருடம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எருசலேமிலிருந்து வந்த கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற நகரத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். சனத்துக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லவும் வேணுமோ.

"உங்க ஊர்லயும் அனனியாங்க இருந்தாங்களா தம்பி?" என்று டீச்சரம்மா கேட்டார். அடுத்த தைப்பொங்கல் ஊரில்தான் என்று எத்தனை தைப்பொங்கலுக்குக் கேட்டிருப்போம். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த அறையில் இருந்தவர்களில் சிலர் அந்த நகரத்தில் ஐந்தாம் தலைமுறை. 1982 குடியுரிமைச் சட்டத்தின்படி 1823-க்கு முன்பிருந்தே அந்த நாட்டில் குடியிருந்த இனங்கள்தான் பூர்வீகக் குடிகள். தமிழர் அந்தக் கணக்கில் இல்லை. அட்டையின் நிறத்தை வைத்து ஆளை அளக்கிற ஊர் அது. அப்படிப்பட்டவர்கள் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வசனம் மட்டும் அந்த அதிகாரத்தின் சொற்களிலேயே ஜெபித்தார்கள். ஒரு கிழவர் துறைமுகத்துக்காக. ஒரு பெண் பஸ் சாரதிகளுக்காக. ஒரு பிள்ளை தன்னைக் "கலா" என்று கூப்பிடுகிற வகுப்புக்காக. (அது அங்கே இந்தியரை இளக்காரமாகச் சொல்கிற சொல்.) விசா, முழங்கால் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது, சுருக்கமாக.

திரும்பி வந்து பாரிஸில் எங்கட கூட்டத்தில் இதைச் சொன்னேன். திங்கட்கிழமை மத்தியானம், உணவகக்காரருக்கு லீவு நாள். உடனே பிடித்துக்கொண்டார்கள் என்றில்லை. ஆவியானவர் தருகிற ஜெபத்துக்குப் புத்தகம் எதற்கு என்றார் ஒருவர். அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரத்தை எடுத்தேன். பேதுருவும் யோவானும் மிரட்டப்பட்டுத் திரும்பியதும் சபை சேர்ந்து ஜெபிக்கிறது. அந்த ஜெபத்துக்குள்ளேயே இரண்டாம் சங்கீதம் இருக்கிறது. அதோடு, மிரட்டலை எடுத்துவிடும் என்று கேட்கவேயில்லை, பயமில்லாமல் பேசவிடும் என்றுதான் கேட்டார்கள். நெகேமியா 9-ல் நாளின் காற்பங்கு வாசிப்பு, அடுத்த காற்பங்கு ஜெபம். எங்களுக்கு அது கட்டாது, ஐந்தரைக்கு சிலர் வேலைக்குப் போகவேணும்.

சண்டை வந்தது "சமாதானம்" என்ற சொல்லில். நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று தமிழில் இருக்கிறது. எங்களுக்குச் சமாதானம் என்றால் 2002, பேச்சுவார்த்தை, பிறகு நடந்தது. எபிரேயத்தில் ஷாலோம் என்றால் சுகம், குறைவின்மை எல்லாம் சேர்ந்தது என்று ஒரு தம்பி விளக்கினார். ஒரு அக்கா எழும்பி, பாரிஸுக்காக ஜெபிக்கிறேன், கொழும்புக்காக என்னால் ஏலாது என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அன்றைக்குத்தான் அந்த அறையில் முதன்முதலாக ஒருவர் உண்மையாக ஜெபித்தார் என்பது என் எண்ணம்.

2021 பெப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒரு வாரத்தில் ரங்கூனில் ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை, இரவில் ஊரடங்கு. மூன்றாம் மாடிக் கூட்டம் நின்றுபோனது. 2024-ல் கட்டாய ஆள்சேர்ப்பு வந்ததும் பர்மியம் வாசித்த அந்தப் பெடியன் ஊரைவிட்டுப் போய்விட்டான். எங்கே என்று டீச்சரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அது தெரியும். பிடித்துக்கொண்டு போன பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கக்கூடப் பயந்த வீடுகளில்தான் நாங்கள் முழங்கால் போட்டோம்.

இப்போது அவர் வட்ஸ்அப்பில் ஒரு எண் மட்டும் அனுப்புவார். 10 என்றால் பத்தாம் சங்கீதம். கிராமங்களில் ஒளிந்திருந்து எளியவனைப் பிடிக்கிறவனைப் பற்றியது. யாருடைய கைக்கு அந்தப் போன் போனாலும் அதில் ஒரு எண்தான் இருக்கும். நாங்கள் திங்கட்கிழமை அதைத் திறந்து மூன்று தரம் வாசிப்போம், அதன் சொற்களில் ஜெபிப்போம்.

போன கிழமை வந்தது 88. வெளிச்சத்துக்குத் திரும்பாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம். கூட்டத்தில் ஒருவர், மனசு ஆறுதலுக்கு 23-ஐயும் சேர்த்து வாசிப்போமா என்றார். அந்த இருபது நிமிட அண்ணை கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று தலையாட்டினார். 88-ஐயே இன்னொரு தரம் வாசித்தோம்.