கண்ணீர் வராத ராத்திரி

வாலிபர் முகாமின் கடைசி ராத்திரி. ஹாலில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கீபோர்டு மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கிறது. முன்னால் நிற்கும் அண்ணன் மைக்கில், "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க... ஆண்டவர் இப்போ உங்க ஒவ்வொருத்தரையும் தொடுறார்..." என்கிறார். ஒரு பக்கம் விசும்பல். இன்னொரு பக்கம் ஓவென்று அழுகை. பக்கத்தில் இருந்தவன் முழங்காலில் விழுந்துவிட்டான்.

மூன்றாவது வரிசையில் ஒருவன் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தான். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. ஒன்றும் வரவில்லை. கொசு கடிப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது!

பரீட்சையில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருப்பவனின் பதற்றம் அவனுக்கு. சோகமான விஷயங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தான். கடைசியில் கஷ்டப்பட்டு ஒரு சொட்டு கண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமல் விட்டான், மற்றவர்கள் பார்க்கட்டும் என்று.

பிறகு சாட்சி நேரம். வரிசையில் அவனும் போய் நின்றான். "ஆண்டவர் இன்னைக்கு என்னைத் தொட்டார்" என்றான். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்று பத்துக் கட்டளைகளில் ஒன்று உண்டு. அதை அவன் ஜெபக்கூட்டத்திலேயே, கடவுளின் பெயரைச் சொல்லியே மீறியிருந்தான்.

இந்தப் பையனைப் போல ஒருவனாவது எல்லாச் சபையிலும் இருப்பான். அவனுக்கு நாத்திகம் பேசத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவான், பாடுவான், காணிக்கை போடுவான். ஆனால் உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கும். "மற்றவர்களுக்குக் கிடைப்பது எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? என் விசுவாசம் போலியா? இல்லை, அந்தப் பக்கம் யாருமே இல்லையா?"

இதை யாரிடம் கேட்பது? பாஸ்டரிடம் கேட்டால் "இன்னும் ஜெபம் பண்ணு தம்பி" என்பார். நண்பர்களிடம் கேட்டால், அவர்கள் எல்லாம் ஏற்கனவே தொடப்பட்டவர்கள். அவன் யாரிடமும் கேட்கவில்லை.

பதில் அவனுக்குக் கல்லூரி நூலகத்தில், எதிர்பார்க்காத ஓர் அலமாரியில் கிடைத்தது. சி.எஸ்.ஐ. பையனுக்குக் கத்தோலிக்க சிஸ்டர் ஒருவரின் கடிதங்கள்!

அன்னை தெரசா 1997 செப்டம்பர் 5-ம் தேதி இறந்தார். பத்து வருடம் கழித்து, 2007-ல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 'கம் பி மை லைட்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. தொகுத்தவர் அவருடைய புனிதர் பட்ட முயற்சிக்குப் பொறுப்பாக இருந்த பிரையன் கொலோடைசக் என்ற பாதிரியார். இந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொல்லி அன்னை பலமுறை கெஞ்சியிருக்கிறார். மக்கள் இயேசுவை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றி அதிகம் நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவருடைய பயம்.

அந்தக் கடிதங்களில் அப்படி என்ன இருந்தது?

முதலில் கொஞ்சம் பின்கதை. ஸ்கோப்யே நகரில் 1910-ல் பிறந்த ஆக்னஸ், 18 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, 1929 ஜனவரியில் இந்தியா வந்தார். லொரேட்டோ சபையில் சேர்ந்து கல்கத்தாவில் டீச்சராக இருந்தார். 1946 செப்டம்பர் 10-ம் தேதி டார்ஜிலிங் போகும் ரயிலில் ஏழைகளிலும் ஏழைகளிடம் போகச் சொல்லி ஓர் அழைப்பைக் கேட்டதாகச் சொன்னார். அதன் பிறகு சில மாதங்கள் இயேசு தன்னோடு நேரடியாகப் பேசியது போன்ற நெருக்கம் அவருக்கு இருந்தது. 1948-ல் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையோடு மடத்தை விட்டு வெளியேறினார். மோதிஜீல் சேரியில் கரும்பலகை கூட இல்லாமல் தரையில் குச்சியால் எழுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். 1950 அக்டோபர் 7-ல் அவருடைய சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது இதுதான். வேலை ஆரம்பித்த அந்தச் சமயத்திலேயே அந்தக் குரல் நின்றுவிட்டது. நெருக்கம் போய்விட்டது. ஜெபத்தில் வெறுமை. 1953-ல் பேராயர் பெரியேவுக்கு எழுதும்போது உள்ளே பயங்கரமான இருட்டு இருப்பதாகச் சொல்கிறார். 1958 அக்டோபரில், போப் 12-ம் பத்திநாதருக்காக நடந்த பூசையின்போது அந்த இருட்டு திடீரென்று விலகியது. சில வாரங்கள்தான். மறுபடி மூடிக்கொண்டது. அதன் பிறகு சாகும் வரைக்கும் அது பெரிய அளவில் விலகியதாகத் தெரியவில்லை.

கிட்டத்தட்ட ஐம்பது வருடம்!

1979-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அந்த இருட்டு இருந்தது. போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கும் அதே முகத்தைப் பற்றி, அந்தச் சிரிப்பு உள்ளே இருப்பதை மூடி வைக்கும் போர்வை என்ற அர்த்தத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

புத்தகம் வந்ததும் பெரிய சர்ச்சை. அவரை முன்பிருந்தே கடுமையாக விமர்சித்து வந்த கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸ், அவருக்கு விசுவாசமே போய்விட்டது என்பதற்கு இதுதான் அத்தாட்சி என்ற மாதிரி எழுதினார். அன்னையின் இல்லங்களில் நடந்த மருத்துவத்தைப் பற்றி வேறு விமர்சனங்களும் உண்டு. அவை தனியாகப் பேச வேண்டிய விஷயங்கள். ஆனால் இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. உள்ளே ஒன்றும் உணராமல் வெளியே கடவுளைப் பற்றிப் பேசினால் அது வேஷம் இல்லையா? மூன்றாவது வரிசைப் பையன் செய்ததும் அதுதானே?

இல்லை. அவன் செய்ததற்கும் அவர் செய்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இல்லாத உணர்ச்சி இருப்பதாக அவன் சொன்னான், மற்றவர்கள் தன்னை நம்ப வேண்டும் என்று. அவரோ தனக்கு வழிகாட்டிய பாதிரியார்களிடம் இருந்ததை இருந்தபடியே சொன்னார். கடவுளே இல்லையோ என்று தோன்றுவதைக் கூட மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, மறுநாள் ஐந்து மணிக்கு முன்பே எழுந்து ஜெபத்துக்குப் போனார். காளிகாட்டில் சாகக்கிடந்தவர்களைக் கழுவித் துடைத்தார். உணர்ச்சி வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அவர் கட்டிலை விட்டே எழுந்திருக்க முடியாது.

அவர் தெரசா என்ற பெயரை எடுத்துக்கொண்டது பிரான்சின் லிசியே நகரத்து சிறுமலர் தெரேசாவின் நினைவாக. அவருடைய கதையும் இதுதான். 15 வயதில் கார்மேல் மடத்துக்குப் போனவர். 1896 புனித வாரத்தில் காசநோயால் ரத்தம் வர ஆரம்பித்தது. சில நாட்களிலேயே மனதுக்குள்ளும் இருட்டு. மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30-ம் தேதி இறந்தபோது வயது 24. ஒரு பி.ஜி. முடித்து வேலை தேடும் வயது!

சரி, அப்படியென்றால் ஜெபத்தில் வறட்சி வந்தவர்கள் எல்லாம் புனிதர்களா? ஒரு மாதம் வேதத்தைத் திறக்காமல், ராத்திரி முழுக்க மொபைலை நோண்டிவிட்டு "எனக்கும் இருண்ட இரவு" என்று சொல்லிக்கொள்ளலாமா?

இதற்கும் ஒருவர் பதில் சொல்லி வைத்திருக்கிறார். ஸ்பெயினைச் சேர்ந்த சிலுவை யோவான் (1542-1591). சீர்திருத்தம் பேசியதற்காக அவருடைய சபைக்காரர்களே அவரை டொலேடோவில் ஒரு சின்ன இருட்டறையில் எட்டு மாதத்துக்கும் மேல் அடைத்து வைத்தார்கள். 1578-ல் அங்கிருந்து தப்பினார். ஆத்துமாவின் இருண்ட இரவு என்ற பேச்சை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். வறட்சி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் சொல்கிறார்.

ஒன்று, கடவுள் காரியத்தில் மட்டும் ருசி போகாது, மற்றவற்றிலும் ருசி இருக்காது. ஜெபம் கசந்து சினிமா இனித்தால் அது வேறு வியாதி.

இரண்டு, கடவுளை விட்டு விலகிவிட்டோமோ என்ற கவலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அசட்டையாக இருப்பவனுக்கு அந்தக் கவலையே வராது.

மூன்று, முன்பு போல யோசித்து, கற்பனை செய்து தியானம் பண்ண முயன்றாலும் முடியாது.

மனச்சோர்வு வியாதியாலும் இப்படி வரலாம் என்பதை அவர் அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கிறார். இது முக்கியம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லி உபவாசம் போடச் சொல்வது பாவம். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

அந்தப் பையன் இரண்டாவது அடையாளத்தில் நின்றுவிட்டான். கவலை! அதுதானே அவனை பஸ்ஸில் தூங்க விடாமல் செய்தது?

அன்னைக்கும் வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்துதான் வந்தது. 1961 வாக்கில் ஜோசப் நொய்னர் என்ற இயேசு சபைப் பாதிரியார் அவருக்கு இதை விளக்கினார். இதற்கு மனுஷ வைத்தியம் கிடையாது. இயேசுவை உணர்வது மட்டுமே அவர் இருப்பதற்கு அத்தாட்சி அல்ல. கடவுளுக்காக உள்ளே இருக்கும் அந்த ஏக்கமே அவர் மறைவாக அங்கே இருப்பதற்கு அடையாளம். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இருட்டு போகவில்லை. ஆனால் அதன் பிறகு அன்னைக்கு அந்த இருட்டோடு வாழத் தெரிந்தது. அவருடைய சபையின் எல்லாச் சிற்றாலயங்களிலும் சிலுவைக்குப் பக்கத்தில், இயேசு தன் தாகத்தைச் சொன்ன அந்தக் கடைசி நேரத்து வார்த்தையை எழுதி வைத்திருப்பார்கள். தாகம் இரண்டு பக்கமும் உண்டு!

புத்தகத்தை மூடிய பிறகும் பையனுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைச் சொன்னது அவன் ஆச்சி.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தான். ஆச்சி தினமும் விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து, அரிக்கேன் விளக்கு காலத்துப் பழக்கம் மாறாமல், சுவரோரம் முழங்கால் போட்டுவிடுவாள். ஒருநாள் கேட்டேவிட்டான்.

"ஆச்சி, ஜெபம் பண்ணும்போது ஒனக்கு ஏதாவது தோணுமா?"

"சில நாளு தோணும். முக்காவாசி நாளு ஒண்ணும் தோணாதுலே. முட்டுதான் வலிக்கும்."

"பெறகு எதுக்கு பண்ணுத?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "உங்க தாத்தா கொழும்புல கடையில இருந்தாவ. சில சமயம் ரெண்டு மாசம், மூணு மாசம் கடுதாசியே வராது. மனசு கெடந்து அடிச்சுக்கிடும். அதுக்காவ தாலியைக் கழத்தி வச்சிட்டனாக்கும்? வேத்தாளு கடுதாசி போடலன்னு யாராவது தவிப்பாவளால? அவிய என் மனுசன். அதான் தவிச்சேன்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

பாதிரியார் நொய்னர் சொன்னதும் இதேதான். கிடைக்காத ஒன்றுக்காக மனம் தவிக்கிறது என்றால், அதோடு ஏற்கனவே ஒரு உறவு இருக்கிறது என்று அர்த்தம். ஏங்குகிறவன் போலி அல்ல. ஏக்கமே இல்லாமல் எல்லாம் கிடைத்துவிட்டதாகச் சொல்கிறவன்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அழுதவர்கள் எல்லாம் நடித்தார்கள் என்று சொல்லவும் கூடாது. அந்த ராத்திரியில் உண்மையாகவே தொடப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். கண்ணீர் கடவுள் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியது. அதை அளவுகோலாக்கி அடுத்தவன் கன்னத்தில் தேடும்போதுதான், மூன்றாவது வரிசையில் இருப்பவன் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறான்.

அடுத்த மாத வாலிபர் கூட்டத்தில் சாட்சி நேரம் வந்தது. பையன் எழுந்தான். கை நடுங்கியது. "முகாம்ல நான் சொன்னது பொய். எனக்கு ஒண்ணும் தோணல. இந்த மாசமும் தோணல. ஆனா தெனமும் ஜெபம் பண்ணிட்டிருக்கேன்" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

அல்லேலூயா எதுவும் வரவில்லை. அண்ணன் இருமிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

கூட்டம் முடிந்து பைக்கை எடுக்கும்போது ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பையன் பின்னாலேயே வந்து நின்றான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"எனக்கும் அப்படித்தாண்ணே."