காலிழந்த விமானியும் விடுதித் தோழனும்

1957ஆம் ஆண்டில் நாம் கல்லூரி விடுதியில் இருந்த காலை, ஒரு சனிக்கிழமை மாலை மேற்பார்வையாளரிடம் அனுமதி பெற்று, எழுவராய்ப் படம் பார்க்கச் சென்றோம். படம் ‘றீச் போ த ஸ்கை’. லூயிஸ் கில்பேட் இயக்கியது. விமானி டக்ளஸ் பாடராகக் கென்னத் மோர் நடித்தது.

1931 திசெம்பரில், தாழப் பறந்து வித்தை காட்டுகையில் விமானம் நிலத்தில் மோத, பாடர் இரு கால்களையும் இழந்தார். கைத்தடி தொடேன் என்று பொய்க்கால்களில் நடந்தார். விலக்கிய விமானப்படையே 1939இல் அவரை மீண்டும் ஏற்றது. 1941 ஓகஸ்டில் பிரான்சில் சிறைப்பட்டார். விமானத்தில் சிக்கிய ஒரு பொய்க்காலை அங்கேயே விட்டுக் குதித்தவர் அவர்.

நாம் கை வலிக்கத் தட்டினோம். அவ்வாண்டு ஒக்டோபரில் திருகோணமலைத் தளமும் நவம்பரில் கட்டுநாயக்காவும் இலங்கையின் கைக்கு வந்தபொழுதும் தட்டினோம்! இம்முரண் அன்று நமக்குத் தோன்றவில்லை. படம் இலண்டனில் வெளிவந்தது 1956 யூலையில். அதே மாதத்தில் நாசர் சுயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். ஆண்டு முடியுமுன் பிரித்தானியப் படை எகிப்தில் இறங்கித் தலைகுனிந்து மீண்டது. பேரரசு கைநழுவும் வேளையில் 1940ஐ நினைவூட்டிய ஆறுதல் மருந்து அப்படம். வேதனையைப் பகடியால் மூடும் ஆங்கிலப் பண்பை அது போற்றிற்று. பாடரின் கரடுமுரடான நாவையோ நன்கு துடைத்துவிட்டது.

எம்முள் ஒருவன் இளம்பிள்ளைவாதத்தால் ஒரு காலில் இரும்புச் சட்டம் பூண்டவன். பாடர் பொய்க்கால்களில் நிற்கத் தடுமாறிய கட்டத்தில் முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டான். திரும்பும் வழியில் நாமெல்லாம் வான்போரைப் பேச, அவன் கேட்டது ஒன்றே: “அந்தக் கால் என்ன விலை வருமடா?” மறுநாட் காலை தடியை விடுதி வாயிலிற் சாத்திவிட்டுப் பிரார்த்தனை மண்டபம் நோக்கி நடந்தான். இருமுறை வீழ்ந்தான். தூக்கச் சென்ற எம்மை ஏசினான். மணி அடித்து நெடுநேரத்தின் பின் மண்டபம் சேர்ந்தான்.

தென்னாபிரிக்காவிலும் றொடீசியாவிலும் நிலவிய வெள்ளையர் ஆட்சிக்குப் பாடர் பரிந்து பேசியவர் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே படித்தறிந்தோம். ஊனமுற்றோர்க்கு ஆற்றிய தொண்டுக்காக 1976இல் ‘சேர்’ பட்டம் பெற்றவரும் அவரே. நாம் ஏமாற்றப்பட்டோம் என்ற சினத்துடன் தோழனுக்கு நீண்ட கடிதம் வரைந்தோம். அனுப்பிய பின்னரே, அவனுக்கு ஏன் எழுதினோம் என்று மனம் உறுத்திற்று.

நெடுநாட் சென்று மறுமொழி வந்தது. மூத்த மகளின் திருமணம், பிந்திய மழை, நெல் விலை எல்லாம் எழுதியிருந்தான். பாடரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.