பேத்தி சொன்ன மாயா மூர் கதை

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

காலாண்டு விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு, அதனால் பந்தைத் தூக்கிப் பரணில் போடு என்று அவள் அம்மா, அதாவது என் மகள், சொல்லிவிட்டாளாம். "அம்மாச்சி, நீ சொன்னா அம்மா கேப்பா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஒரு டீச்சர்தானே, உடனே பேத்தி பக்கம் சாய்ந்துவிட முடியுமா? "பந்து போட்டுப் பிழைச்ச பொம்பளை யாராவது உலகத்துல உண்டா, சொல்லு பாப்போம்" என்றேன்.

மடமடவென்று பத்துப் பெயர் சொன்னாள். எல்லாம் அமெரிக்கப் பெயர்கள், ஒன்றும் என் வாயில் நுழையவில்லை. ஒரு பெயர் மட்டும் நின்றது. மாயா மூர். மாயா என்றதால் நின்றது என்று நினைக்காதீர்கள். "அவங்க உலகத்துலயே டாப்ல இருந்தப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க அம்மாச்சி. ஜெயில்ல இருந்த ஒருத்தரை வெளிய கொண்டு வர்றதுக்காக" என்றாள். அதில்தான் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து மூன்று ராத்திரி அவள் போனில் தேடித் தேடி வாசித்துச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நாலு வருடம் நான் வாசிக்க, பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது முறை மாறிவிட்டது.

மாயா மூர் பிறந்தது 1989 ஜூன் மாதம், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் தலைநகரான ஜெபர்சன் சிட்டியில். இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். அம்மா தனியாளாக வளர்த்த பிள்ளை. மூன்று வயதில் வீட்டுக் கதவில் ஒரு சின்ன வளையத்தை மாட்டிக் கொடுத்தாராம் அந்த அம்மா. துறுதுறுவென்று இருக்கிற பிள்ளையை ஓரிடத்தில் நிறுத்த எல்லா அம்மாக்களும் ஏதாவது செய்வார்கள். நாம் சொப்புச் சாமான் கொடுத்தோம்.

பிறகு ஜார்ஜியாவில் பள்ளிப்படிப்பு. 2007-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம். அங்கே நான்கு வருடத்தில் இவர் இருந்த அணி 150 ஆட்டங்களில் ஜெயித்தது, தோற்றது நாலே நாலு. பேத்தி தப்பாக வாசிக்கிறாள் என்று நினைத்துப் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு நானே பார்த்தேன். சரிதான். அதிலும் தொடர்ச்சியாக 90 வெற்றிகள். 2009, 2010 இரண்டு வருடமும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம். நாலு வருடத்தில் இவர் மட்டும் எடுத்த புள்ளிகள் 3,036.

2011-ல் அங்கே டபிள்யூஎன்பிஏ என்று சொல்லும் பெண்கள் தொழில்முறைப் போட்டிக்கு எடுத்தார்கள். புதிதாக வரும் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதில் முதல் ஆளாக மினசோட்டா லிங்க்ஸ் அணி இவரை எடுத்தது. வந்த வருடமே கோப்பை. 2013, 2015, 2017-லும் கோப்பை. ஏழு வருடத்தில் ஆறு முறை இறுதிச்சுற்று. 2014-ல் அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2012 லண்டன், 2016 ரியோ இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். மைக்கேல் ஜோர்டான் பெயரில் ஒரு ஷூ கம்பெனி இருக்கிறது அல்லவா, அது ஒப்பந்தம் போட்ட முதல் கூடைப்பந்து வீராங்கனையும் இவர்தான். சட்டை எண்ணும் ஜோர்டானின் அதே 23.

ஒரு ஆட்டத்தைப் பேத்தி எனக்கு வீடியோவாகவே காட்டினாள். 2015 இறுதிச்சுற்று, மூன்றாவது ஆட்டம், எதிரணி இந்தியானா. இரண்டு பக்கமும் 77. மிச்சம் இருப்பது 1.7 வினாடி. வெளியிலிருந்து பந்து மாயாவுக்கு வருகிறது. எறிவதுபோல் கையைத் தூக்குகிறார், தடுக்க வந்த பெண் துள்ளிவிடுகிறாள். இவர் ஒரு தட்டுத் தட்டி, ஒரு எட்டு நகர்ந்து, நிதானமாக எறிகிறார். மணி அடிக்கும்போது பந்து காற்றில் இருக்கிறது. உள்ளே விழுந்தது. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி, 80–77. எறிந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்றரை வினாடிதான் இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு ஏமாற்று ஏமாற்றினாரே, அந்த நிதானம்தான். "இன்னொரு தடவை போடு" என்று ஏழெட்டுத் தடவை பார்த்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து, "பாட்டியும் பேத்தியும் தூங்குறீங்களா இல்லையா" என்று சத்தம் போட்டார்.

சம்பளம் எவ்வளவு என்றேன். டீச்சருக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். இவ்வளவு பெரிய ஆட்டக்காரிக்கும் அந்தக் காலத்தில் அந்தப் போட்டியில் உச்சச் சம்பளமே வருடத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர்தான். ஆண்கள் போட்டியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனே அதைப்போலப் பல மடங்கு வாங்குவான். கோடைக்காலத்தில்தான் பெண்களுக்கு அங்கே ஆட்டம், அப்போது வருடத்துக்கு 34 ஆட்டம். அது முடிந்ததும் வெளிநாடு கிளம்ப வேண்டியதுதான். நம் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் வெளியூர் வேலைக்குப் போவார்களே, அதே கதை. மாயா ஸ்பெயினில் வாலென்சியாவுக்குப் போனார். சீனாவில் ஷான்சி அணிக்கு ஆடி மூன்று வருடம் தொடர்ந்து பட்டம் வாங்கிக் கொடுத்தார். ரஷ்யாவில் எகாதெரின்பர்க். இடையில் ஒலிம்பிக். ஓய்வு என்பதே கிடையாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2007-ல், கல்லூரிக்குப் போவதற்குச் சற்று முன், பதினெட்டு வயதில், மாயா ஒரு சிறைக்குப் போகிறார். அவருடைய குடும்பத்தார் சிலர் சிறைவாசிகளுக்கு ஊழியம் செய்து வந்தவர்கள். அவர்கள் மூலம் ஜோனதன் அயன்ஸ் என்பவரைப் பார்க்கிறார். சிறை இருந்த ஊர் எது தெரியுமா? ஜெபர்சன் சிட்டி. இவர் பிறந்த அதே ஊர்.

ஜோனதனுக்கு 16 வயது இருக்கும்போது, 1997 ஜனவரியில், செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் யாரோ புகுந்து வீட்டுக்காரரைச் சுட்டுவிட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். இந்தப் பையன்தான் என்று பிடித்தார்கள். கைரேகை இல்லை, ரத்தத் தடயம் இல்லை, காலடித் தடம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார், ஆனால் அதைப் பதிவு செய்யவில்லை. பையன் மறுத்தான். கறுப்பினப் பையன். தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் எல்லாரும் வெள்ளையர்கள். தண்டனை 50 வருடம். 1998-ல் தீர்ப்பு வந்தபோது பையனுக்கு 18 வயது.

அந்த வீட்டுக் கதவில் ஒரு கைரேகை கிடைத்திருந்தது. அது ஜோனதனுடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை. அந்த அறிக்கை இருந்தும் பையனுடைய வக்கீல் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. மாயாவின் குடும்பத்தார் பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டி அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு தாள். அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு மாற்றிப் போட்டதற்கு ஏ.இ.ஓ. முன்னால் நின்று விளக்கம் எழுதிக் கொடுத்தவள் நான். இங்கே ஒரு தாளுக்கு ஒருவனுடைய வாலிபமே போயிருக்கிறது.

2016-ல் கறுப்பின இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கியில் செத்தபோது மாயாவும் அவர் அணிப் பெண்களும் நியாயம் கேட்டு எழுதிய சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். டல்லாஸில் அதே வாரம் சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ்காரர்களுக்கும் அந்தச் சட்டையில் இடம் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் நாலு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

2019 பிப்ரவரியில், 29 வயதில், இந்த வருடம் ஆடவில்லை என்று அறிவித்தார். குடும்பத்துக்கும் இறைப் பணிக்கும் நேரம் வேண்டும் என்றார். அடுத்த வருடமும் இல்லை, ஒலிம்பிக்கும் இல்லை என்றார். நேரம் முழுவதும் அந்த வழக்குக்குப் போனது. வக்கீல் பிடித்தார், பணம் கொடுத்தார், கோர்ட்டில் போய் உட்கார்ந்தார். 2020 மார்ச்சில் ஒரு நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். உடனே விட்டுவிடவில்லை, மேல்முறையீடு அது இது என்று இழுத்தது. ஜூலை முதல் தேதி ஜோனதன் வெளியே வந்தார். சிறைவாசம் 23 வருடம், வயது 40. அவர் நடந்து வருகிறார், எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள், மாயா அப்படியே தரையில் முழங்காலிட்டுவிடுகிறார். கோப்பை வாங்கியபோது இருந்த முகம் இல்லை அது.

கொஞ்ச நாளில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று பேத்தி வெட்கப்பட்டுக்கொண்டே வாசித்தாள். 2022-ல் ஒரு ஆண் குழந்தை. 2023 ஜனவரியில், இனி ஆடப் போவதில்லை என்று முறைப்படி சொல்லிவிட்டார். 2024-ல் அவர் அணி 23-ஆம் எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அரங்கில் ஏற்றி வைத்தது. 2025 செப்டம்பரில் கூடைப்பந்தின் புகழ்மன்றத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

"இன்னும் பத்து வருஷம் ஆடியிருக்கலாம்ல அம்மாச்சி. வேஸ்ட் இல்லையா?" என்று கேட்டாள் பேத்தி. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

பிள்ளைகளே, 1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு நம் கோ-கோ அணி நினைவிருக்கும். நம் நடுநிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் கிடையாது. ஆசிரியர் பயிற்சியில் கற்ற விதிகளை வைத்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நான்தான் விசில் ஊதினேன். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போனோம். நம் அணியில் ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லமாட்டேன். துரத்த ஆரம்பித்தால் காற்றுதான். அவளை நம்பித்தான் அணியே. போட்டியன்று காலை ஆறு மணி பஸ்ஸுக்கு எல்லாரும் வந்துவிட்டோம், அவள் வரவில்லை. அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டுக் காத்திருந்தோம். வரவே இல்லை. போய்த் தோற்றுவிட்டுத் திரும்பினோம்.

நாலு நாள் கழித்து வகுப்புக்கு வந்தாள். எழுந்து நிற்கச் சொல்லி, அத்தனை பிள்ளைகள் முன்னாலும், "உனக்கெல்லாம் சான்ஸ் குடுத்தது என் தப்பு. மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் தலை குனிந்து நின்றாளே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடத்துக்கு மேல் படிக்கவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்துச் சந்தையில் அவள் அம்மா சொன்னார். அந்த வாரம் அவளுடைய அண்ணனை மோட்டார் திருட்டு என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். வீட்டில் எழுத்து தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாலு நாளும் அம்மாவோடு ஸ்டேஷன் வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் நின்று, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னது அவள்தானாம். வெற்றுத்தாளில் அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "எழுதாத தாள்ல போடாதண்ணே, எங்க டீச்சர் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று தடுத்ததும் அவள்தானாம். பிறகு உண்மையான ஆள் மாட்டிக்கொண்டான், அண்ணனை விட்டுவிட்டார்கள். அம்மா இதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு நன்றியும் சொன்னார். நான் கத்தரிக்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் அவளைத் தேடிப் போகவில்லை. கல்யாணமாகித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள், அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பேத்தியிடம் இதைச் சொன்னேன். "நீ ஸாரி சொன்னியா அம்மாச்சி?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பந்து இன்னும் பரணுக்குப் போகவில்லை. மகளிடம் பேசியிருக்கிறேன், அரையாண்டு மதிப்பெண் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அது அவர்கள் பாடு.

இந்தப் பக்கத்தில் 1996 செட் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே கமெண்டில் எழுத வேண்டாம். அவள் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன். மற்ற நேரம் போன் என் கையில்தான் இருக்கும்.