கல் இல்லாத நாட்டில்

கொல்கத்தா, செவ்வாய் இரவு

கருத்தரங்கு மதியத்தோடு முடிந்தது. இந்தியன் மியூசியம் போகலாம் என்று நண்பர் இழுத்தார். நான் நழுவிக்கொண்டு காலேஜ் ஸ்ட்ரீட் வந்துவிட்டேன். நடைபாதைப் புத்தகக் கடைகளைக் கடப்பதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. மீதியைக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தேன்.

1937இல் தொடங்கியது. அப்போது அது செனட் ஹவுஸில் இருந்தது. தூண்கள் வரிசைகட்டி நின்ற அந்தக் கட்டடத்தை 1960இல் இடித்துவிட்டு நூற்றாண்டுக் கட்டடம் எழுப்பினார்கள். அருங்காட்சியகம் இப்போது அங்கேதான். பழமையைக் காக்கும் கூடத்துக்கு இடம் கொடுத்த கட்டடமே இடிபட்டது வேடிக்கைதான். பெயருக்குரிய சர் அசுதோஷ் முகர்ஜி, கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்த நம் சி.வி. ராமனை இயற்பியல் பேராசிரியராக்கிய துணைவேந்தர். பண்டைய இந்திய வரலாற்றை முதுகலைப் பாடமாக்கியதும் அவர் முயற்சியில்தான், 1918இல்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்குப் பழைய காலம் என்றாலே கருங்கல். கீழ்வங்கமோ வண்டல் பூமி. தோண்டத் தோண்ட மண்தான். பால அரசர்கள் காலத்துக் கருங்கல் விஷ்ணுக்கள் இங்கே மினுமினுப்போடு நிற்கிறார்கள், ஆனால் அந்தக் கல் ராஜ்மகால் மலைப் பக்கமிருந்து வந்தது. அவர்களைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

என்னை நிறுத்தியவை சந்திரகேதுகட் சுடுமண் பலகைகள். கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மேடு அது. 1956 முதல் பத்து வருடத்துக்கு மேல் இந்த அருங்காட்சியகத்தாரே அங்கே அகழ்ந்தார்கள். பலகைகள் பலவும் ஈராயிரம் வருடப் பழமை கொண்டவை, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. யட்சி ஒருத்தியின் கொண்டையில் விசிறிபோல ஊசிகள் செருகியிருக்கின்றன. குனிந்து பார்த்தால் ஒவ்வோர் ஊசியின் தலையும் ஓர் ஆயுதம்: அம்பு, அங்குசம், கோடரி. காதுத் தோட்டில் மணிமணியாகப் புள்ளிகள், இடுப்பில் அடுக்கடுக்காக மேகலை. இவ்வளவும் அச்சில் ஈர மண்ணை அமுக்கி எடுத்த வேலை. அச்சு என்றால் ஒன்றோடு நிற்காது; இதே யட்சி அந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவரில் இருந்திருப்பாள். ராஜாவுக்காகச் செய்த சாமானாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வகையில் மிகப் பேர்பெற்றவள் 1883இல் தம்லூக்கில் கிடைத்தாள். அவள் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறாள்.

புதன்

காலையில் மறுபடி போனேன், காந்தா என்ற தையல் துணிகளுக்காக. கிழிந்த வெள்ளைச் சேலை, வேட்டிகளை மூன்று நான்கு அடுக்காகப் போட்டு, சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீல நூலால் தைப்பது. தையல் வெறும் ஓட்டுத்தையல்தான். நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் மரம். இடையில் கிடைத்த இடத்திலெல்லாம் யானை, பல்லக்கு, தொப்பி போட்ட துரை. வெள்ளைப் பகுதியையும் விடாமல் வெள்ளை நூலால் தைத்திருக்கிறார்கள். அதனால் துணி முழுக்க, காற்றடித்த குளத்துத் தண்ணீர் மாதிரி சிற்றலை ஓடுகிறது.

“தாதா, இதைத் தைத்தது யார்?” என்று காவலரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். “வீட்டுப் பெண்கள்தான், வேறு யார்?” என்றார், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற முகத்தோடு.

அந்த வீட்டுப் பெண்களின் வேலையை விஷ்ணு நிற்கிற அதே கூடத்துக்குள் கொண்டுவந்தார்களே, அதுதான் இந்த இடத்தின் துணிச்சல். இங்கே பாடம் நடத்திய ஸ்டெல்லா க்ராம்ரிஷ் 1939இலேயே காந்தாவைக் கலையாக மதித்துக் கட்டுரை எழுதினார். நம் பக்கம் கூடத்துக்குக் கூடம் சிலை, செப்பேடு, நாணயம். பனையோலைப் பெட்டியையும் கோரைப்பாயையும் யாராவது அந்த மரியாதையோடு வைத்தால் சந்தோஷப்படுவேன்.

காளிகாட் படங்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள காளி கோயிலைச் சுற்றிக் கடை போட்டு, ஆலைக் காகிதத்தில் மளமளவென்று தீட்டி யாத்ரீகர்களுக்குச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். சாமி படத்தோடு ஊர்வம்பும் விற்றது. 1873இல் தாரகேஸ்வரத்து மடாதிபதியோடு தொடர்பு என்று மனைவி எலோகேஷியை நபின் என்பவன் மீன் நறுக்கும் அரிவாள்மணையால் வெட்டிக் கொன்றான். அந்த வழக்கைப் படம் படமாக வரைந்து தள்ளினார்கள். செத்தவளும் சரக்காகிவிட்டாள். கோட்டுக்கு ஒரே வளைவு, தொடைக்கு ஒரே இழுப்பு. கை நடுங்கவே இல்லை. பிற்பாடு மலிவான அச்சுப் படங்கள் வந்து இவர்கள் பிழைப்பை முடித்தன.

காபி ஹவுஸில் நண்பர் காத்திருந்தார். பால் சேர்க்காத காபிக்கு இங்கே ‘இன்ஃப்யூஷன்’ என்று பெயர். அதைக் குடித்துக்கொண்டே, இந்தியன் மியூசியத்தில் இருக்கும் பார்ஹுத் வேலியைப் பார்க்காமல் ஊர் திரும்புவது பாவம் என்றார். கல்வேலி எங்கும் ஓடிவிடாது என்றேன். நாளை சியால்தாவில் லோக்கல் பிடித்து பாராசாத், அங்கிருந்து பஸ்ஸில் பேராச்சம்பா. சந்திரகேதுகட் மேடு அதை ஒட்டித்தான் இருக்கிறது. வெறும் மண்மேட்டில் பார்க்க என்ன இருக்கும் என்கிறார். அவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் போவதாக இருக்கிறேன்.